பெண் கல்வியும் பெண் நலமும்: தமிழகம் கடந்து வந்த வழி

பள்ளிக்கல்விக்கு ஒரு துறையும் மக்கள் நல்வாழ்வுக்கு மற்றொரு துறையும் தனித்தனி அமைச்சரும் தனித்தனி நிதி ஒதுக்கீடும் இருப்பதால், பெண்களின் கல்வியும் பெண்களின் உடல்நலமும் வெவ்வேறு காரியங்கள் என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றித் திட்டம் வகுப்போரிடமும் வேரூன்றிவிட்டது. தமிழகத்தின் கடந்த 150 ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், இவற்றுள் ஒன்று தேங்கிய இடங்களில் மற்றதும் தேங்கியதையும், ஒன்று நகர்ந்தபோது மற்றதும் நகர்ந்ததையும் காணலாம். படித்த பெண் தன் உடலையும் தன் குழந்தையின் உடலையும் நன்றாகப் பேணுவாள் என்பது பலரும் அறிந்து சொல்வது. இங்கே பெண்களுக்கான மருத்துவ அமைப்பே படித்த பெண்களின் உழைப்பைக் கொண்டு எழுப்பப்பட்டது என்ற உண்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னை மாகாணத்தில் இச்சிக்கல் ஒரு விஷ வட்டமாகவே இருந்தது. முஸ்லிம் குடும்பங்களிலும் உயர்சாதி இந்துக் குடும்பங்கள் பலவற்றிலும் பெண்கள் வேற்று ஆடவர் கண்ணில் படாமல் வாழும் ‘கோஷா’ முறை நிலவியதால், பிரசவத்தில் சிக்கல் நேர்ந்தாலும் ஆண் மருத்துவரை உள்ளே விடக் குடும்பத்தார் இசையவில்லை. ஊர் மருத்துவச்சியின் அனுபவ அறிவு இயல்பான பிரசவங்களுக்குப் போதுமானதாக இருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ பிரசவத்துக்குப்பின் இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஆகவே பெண் மருத்துவர்கள் தேவைப்பட்டனர். மருத்துவம் படிக்க உயர்நிலைக் கல்வி வேண்டும்; உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயதிலோ பெண்களுக்குத் திருமணம் முடிந்து, பலர் தாய்மையையும் எட்டியிருந்தனர். பெண் ஆசிரியர் இல்லாத பள்ளிக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கிய சமூகத்தில், பெண்கள் படிக்காமல் பெண் ஆசிரியர்கள் உருவாகவும் வழியில்லை.

இவ்வட்டத்தின் முதல் உடைப்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது. 1875இல் அக்கல்லூரி நான்கு பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், சென்னையில் தொழில்புரிந்த ஆங்கிலேய வழக்கறிஞர் ஒருவரின் மனைவி. பிரசவத்தில் இந்தியப் பெண்கள் படும் துன்பத்தைக் கேள்வியுற்றே மருத்துவம் கற்க முன்வந்தவர். பின்னர் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவரது முயற்சியால் 1885இல் விக்டோரியா சாதி மற்றும் கோஷா மருத்துவமனை தோன்றியது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை என்று வழங்குவது அதுவே. அதன் பழைய பெயரில் ‘சாதி’ என்ற சொல் நின்றது தற்செயலன்று. மருத்துவமனைக்கு வர மறுத்த பெண்களை வரவழைக்க, அவர்கள் குடும்பங்களின் கட்டுப்பாடுகளுக்கு இடங்கொடுத்தே அந்நிறுவனம் தொடங்க வேண்டியிருந்தது.

வடாற்காட்டில் ஐடா ஸ்கடர் மேற்கொண்ட பணி இன்னும் ஒரு படி மேலே சென்றது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த இந்த அமெரிக்க மருத்துவப் பெண்மணி, வேலூரில் மருத்துவமனை நிறுவியதோடு நில்லாமல், 1909இல் செவிலியர் பள்ளியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். தாம் ஒருவரே எத்தனை ஆயிரம் பேருக்கு மருத்துவம் பார்த்தாலும் மாவட்டத்தின் தேவை தீராது, இம்மண்ணின் பெண்களையே மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் ஆக்கினால்தான் தீரும் என்ற கணக்கை அவர் சரியாகப் போட்டார். ஆண் மாணவர்கள் அங்கே சேர்க்கப்பட்டது 1947இல்தான்.

மருத்துவமனையும் கல்லூரியும் இருந்தும், அவற்றை நோக்கி வரவேண்டிய பெண்களைப் பன்னிரண்டு வயதுக்குள் குழந்தை மணம் விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் கொடுமை இரட்டை முகம் கொண்டது: முதிராத உடலில் கருவைச் சுமத்தியது, அதே நேரத்தில் படிப்பையும் அறுத்தது. கணவன் இறந்தால் மூன்றாவதாக ஒரு தண்டனையும் சேர்ந்தது. 1886இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி பதினோராம் வயதில் கைம்பெண் ஆனவர். அவருடைய தந்தையார் ஊராரின் பேச்சைப் பொருட்படுத்தாமல் மகளைப் படிக்க வைத்தார். 1911இல் பட்டம் பெற்ற அவர், தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட கட்டடத்தில் அது இயங்கியது. சமையலறை மூலையில் முடங்கும்படி விதிக்கப்பட்ட அப்பெண்களை அவர் ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார். பெண் ஆசிரியர் பற்றாக்குறை என்னும் பெருந்தடைக்கு, சமூகம் வேண்டாமென்று ஒதுக்கிய பெண்களிடமிருந்தே விடை கண்டது அவருடைய மதிநுட்பம். அவ்வில்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது அதன் எல்லையைக் காட்டுகிறது; சாதி வரம்பைக் கடந்திருந்தால் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பியிருக்கமாட்டா என்பதும் அக்காலத்தின் உண்மை.

அதே 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தாயார் தேவதாசி மரபில் வந்தவர். தந்தையார் நாராயணசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்த பிராமணர். ஆண்கள் மட்டுமே படித்த அக்கல்லூரியில் இப்பெண்ணைச் சேர்ப்பதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தபோது, புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு இடம் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்பாகத் தேறிய முத்துலட்சுமி ரெட்டியின் பொதுவாழ்வைத் தேவதாசி முறை ஒழிப்போடு மட்டும் சேர்த்து நினைவுகூர்வது தமிழக வழக்கமாகிவிட்டது. அவர் எதையும் மருத்துவரின் கண்கொண்டே பார்த்தார் என்பதும், அதனால்தான் அவருடைய கோரிக்கைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதும் அந்நினைவில் மங்கிவிடுகின்றன. 1926 இறுதியில் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அடுத்த மாதமே அதன் துணைத் தலைவரான அவர், பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றும், பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றும் ஒரே மூச்சில் வாதிட்டார். இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி விலகிய பின் ஔவை இல்லத்தையும், பின்னாளில் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கினார். பெண்களுக்குத் தங்குமிடமும் பள்ளியும் ஒருபுறம், நோய்க்கு மருத்துவமனை மறுபுறம் என்று ஒருவரே இரண்டையும் கட்டி எழுப்பியது, இவற்றின் உறவை அவர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று.

சாரதா சட்டம் என்று அறியப்படும் குழந்தை மணத் தடுப்புச் சட்டம் 1929இல் நிறைவேறி, பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதைப் பதினான்கு என வரையறுத்தது. 1949இல் அது பதினைந்தாகவும், 1978இல் பதினெட்டாகவும் உயர்ந்தது. பதினான்கிலிருந்து பதினெட்டுக்கு வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. சட்டம் தனியாக நின்று செய்தது குறைவே. பெண் பள்ளியில் இருந்தால் திருமணப் பேச்சு தள்ளிப்போனது, பள்ளியை விட்டு நின்றால் உடனே தொடங்கியது. ஆகவே பெண்களைப் பள்ளியில் தக்கவைத்த ஒவ்வொன்றும் பேறுகாலப் பாதுகாப்புக்கான ஏற்பாடாகவும் அமைந்தது. காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும், மாணவியருக்கு அரசு வழங்கிய மிதிவண்டியும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கவை.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமாக நிற்கும் ஒரு பணியாளரைப் பற்றிச் சற்று விரிவாகக் காண வேண்டும். அவர் கிராம சுகாதார செவிலியர். ஊரார் வாயில் நர்சம்மா. சமவெளிப் பகுதிகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அங்கே பொறுப்பாக இருப்பவர் இவரே. தன் பகுதியில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் தொடக்க மாதங்களிலேயே பதிவு செய்வது, இரத்த அழுத்தமும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, ஆபத்து அறிகுறி உள்ளவரை மருத்துவரிடம் அனுப்புவது, பிரசவத்துக்குப்பின் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் பார்ப்பது எனப் பிறப்பைச் சூழ்ந்த எல்லாப் பணிகளும் அவர் தோளில் ஏறின. கருவுற்றோர் அனைவருக்கும் இன்று கணினிவழி வழங்கப்படும் ‘பிக்மி’ எண்ணின் பின்னாலும் இவருடைய பதிவேடே இருக்கிறது.

இப்பணிக்குத் தேவைப்பட்டவர்கள் பட்டதாரிகளோ மருத்துவர்களோ அல்லர். பள்ளி இறுதி வகுப்பு முடித்து, அதன்மேல் ஒன்றரை முதல் இரண்டாண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்களே போதும். ஆனால் அத்தகைய பெண்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆயிரக்கணக்கில் கிடைக்க வேண்டும். வேற்றூரில் தனியே தங்கி வேலை செய்ய அவர்கள் குடும்பங்கள் சம்மதிக்க வேண்டும். பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிகள் 1950களிலிருந்து சிற்றூர்களின் அருகே வந்திராவிட்டால், இப்பணியிடங்களை அரசு காகிதத்தில் மட்டுமே உருவாக்கியிருக்க முடியும். கட்டடமும் மருந்தும் இருந்தும் செவிலியர் கிடைக்காமல் பூட்டிக் கிடந்த சுகாதார நிலையங்கள் வட இந்திய மாநிலங்கள் சிலவற்றில் நெடுங்காலம் இருந்ததற்கு ஒரு காரணம், அங்கே பத்தாம் வகுப்பை எட்டிய கிராமப் பெண்கள் மிகச் சிலராக இருந்ததே. பள்ளிக்குச் செலவிட்ட பணத்தின் பலன் இருபது ஆண்டு கழித்துப் பிரசவ அறையில் கிட்டும் என்பதை எந்த வரவு செலவுத் திட்டமும் காட்டுவதில்லை.

இந்த அடித்தளத்தின் மேல்தான் பிந்தைய சீர்திருத்தங்கள் நின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து அமர்த்தி இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு அவற்றுள் சிறந்தது. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து கடைக்கோடி நிலையம்வரை சேர்த்தது. பேறுகாலத்தில் இறந்த ஒவ்வொரு பெண்ணின் மரணத்தையும் தனித்தனியே விசாரித்து, எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது என்று கண்டறியும் தணிக்கை முறையும் வழக்கத்துக்கு வந்தது. பிரசவ அறையில் பெண்ணுடன் அவளுக்கு வேண்டிய உறவினர் ஒருத்தி இருக்கலாம் என்ற அனுமதி 2004இல் கிடைத்தது. சுகாதார நிலையத்திலேயே வளைகாப்பு நடத்தி, மாமியாரையும் நாத்தனாரையும் வரவழைத்துப் பிரசவ அறையைக் காட்டிய ஏற்பாடும் இவ்வகையைச் சேர்ந்ததே. அச்சமும் கூச்சமும் நோயைப் போலவே உயிர் குடிக்கும் என்பதை உணர்ந்தவர்களின் வேலை அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயாக இருந்து, பின்னர் 18,000 ரூபாயாக உயர்ந்தது.

பலன்களை அளக்கும் கருவிகளுள் முதன்மையானது மகப்பேறு இறப்பு விகிதம். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, கருவுற்ற காலத்திலோ பிரசவத்திலோ அதன்பின் நாற்பத்திரண்டு நாள்களுக்குள்ளோ அதன் தொடர்பான காரணங்களால் இறக்கும் தாய்மார்கள் எத்தனை பேர் என்பதே அது. மாதிரிப் பதிவு முறைக் கணக்கீட்டின்படி 2001-03இல் இந்திய அளவில் 301 ஆக இருந்த இவ்விகிதம் தமிழகத்தில் 134 ஆக இருந்தது. 2018-20இல் இந்தியா 97, தமிழகம் 54. அதே காலத்தில் கேரளத்தின் அளவு 19 என்பதையும் சேர்த்தே சொன்னால்தான் கணக்கு நேர்மையாகும். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தின் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. பத்தாண்டுக்குக் குறையாமல் பள்ளியில் படித்த பெண்கள் 56.6 விழுக்காட்டினர்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு எல்லாம் நலம் என்று முடிப்பது தவறு. கல்வியும் மருத்துவமும் வளர்ந்தால் பெண்ணின் மதிப்பும் தானே உயரும் என்ற நம்பிக்கையைத் தமிழகமே பொய்யாக்கியது. சேலம், தருமபுரி, மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி ஆகிய பகுதிகளில் பெண் சிசுக்கொலை நிகழ்வது வெளிச்சத்துக்கு வந்து, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்க வேண்டியிருந்தது. வயிற்றிலுள்ள குழந்தையின் நலனைக் காண வந்த ஸ்கேன் கருவி, பெண் கருவைக் களையும் கருவியாகவும் பயன்பட்டது. அதைப் பயன்படுத்தியோருள் படித்தோரும் வசதியுள்ளோரும் நிறைந்திருந்தனர். ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 948 பெண் குழந்தைகள் இருந்த தமிழகத்தில் 2011இல் அவ்வெண் 943ஆக இருந்தது. எழுத்தறிவு ஏறிய அதே இருபதாண்டில் இவ்வெண் ஏறவில்லை. வரதட்சணையும் சொத்துரிமையும் தொடப்படாதவரை பாடப்புத்தகம் மட்டும் பெண் குழந்தையைக் காப்பாற்றாது.

வரதட்சணையின் நிழல் அரசின் நல்லெண்ணத் திட்டங்களின் மீதும் விழுந்ததுண்டு. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடி, ‘தாசிகளின் மோசவலை’ நாவலை எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் 1989இல் வந்த திருமண நிதியுதவித் திட்டம், பதினெட்டு வயது நிறைந்து குறிப்பிட்ட வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்கு உதவித்தொகையும், 2011 முதல் தாலிக்குத் தங்கமும் வழங்கியது. வயதையும் படிப்பையும் நிபந்தனையாக்கியது அதன் சிறப்பு. பணம் கல்யாணப் பந்தலில் கிடைத்தது அதன் குறை. 2022 செப்டம்பர் 5ஆம் நாள் அது புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. அம்மையாரின் வாழ்வுக்கும் போராட்டத்துக்கும் இப்புதிய வடிவமே பொருத்தமானது.

மருத்துவத் துறையில் மீதமிருக்கும் வேலையோ பெரிது. அதே குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே, கருவுற்றோருக்கு 11 கிராமுக்குக் கீழே இறங்குவது இரத்தசோகை. மாதவிடாயில் இழக்கும் இரும்புச்சத்தை அரிசி மிகுந்த, கீரையும் பயறும் இறைச்சியும் குறைந்த உணவு ஈடுகட்டுவதில்லை. குடற்புழுவும் அதை உறிஞ்சுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. இந்நிலை உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தில் நேரும் சாதாரண இரத்தப்போக்கே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அதற்கு வெகுகாலம் முன்பே, வகுப்பறையில் சோர்வாகவும் கவனமின்மையாகவும் அது வெளிப்பட்டுவிடுகிறது. படிப்பில் மந்தம் என்று ஆசிரியர் கருதும் மாணவிக்கு வேண்டியது சில நேரங்களில் இரும்புச்சத்து மாத்திரையே. வாரம் ஒருமுறை பள்ளியில் வழங்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு நீக்க மாத்திரையும் இதற்காகவே. அவை கையில் தரப்படுவதோடு நின்று, வயிற்றுக்குள் போனதா என்று பார்க்கப்படாமல் போவதுதான் பெரும்பாலான இடங்களின் நிலை.

அறுவை சிகிச்சைப் பிரசவம் வேறு வகைச் சிக்கல். ஐந்தாம் ஆய்வின்படி தமிழகத்தில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடந்தன. தனியார் மருத்துவமனைகளில் இது 60 விழுக்காட்டையும் தாண்டியது. மக்கள்தொகை அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் அறுவைப் பிரசவம் பெருகுவதால் தாய்சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு காலத்தில் கத்தி எட்டாமல் இறந்த பெண்களின் பேத்திகள், தேவையின்றியும் கத்திக்கு ஆளாகிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டிலும் சுமை ஒருபக்கமாகவே சாய்ந்திருக்கிறது: மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அதைவிட எளிதான ஆண் கருத்தடை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. மருத்துவமனைக்கு வரக் கற்றுக்கொண்ட பெண், அங்கே தன் உடல் பற்றிக் கேள்வி கேட்கவும் மறுக்கவும் கற்க வேண்டியது அடுத்த படி. இதைப் பள்ளிப் பாடத்திட்டம் இன்னும் தொடவே அஞ்சுகிறது.

கல்வியும் மருத்துவமும் சந்திக்கும் முனையில் மிகப் பழைய சிக்கல் இன்றும் நிற்கிறது. 20 முதல் 24 வயதுவரையுள்ள தமிழகப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டு நிறையுமுன் மணமானவர்கள் என்று ஐந்தாம் ஆய்வு கண்டது; அதாவது எட்டுப் பேரில் ஒருவருக்கு மேல். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ தோற்ற பெண், நெடுந்தொலைவில் பள்ளி உள்ள மலைக்கிராமத்துப் பெண், தாய் இறந்த வீட்டுப் பெண் ஆகியோரே இவ்வெண்ணிக்கையில் மிகுதியாக அகப்படுகிறவர்கள். இத்தகைய திருமணம் நிச்சயமாகியிருப்பதை முதலில் அறிபவர்கள் வகுப்பு ஆசிரியரும் உடன் படிக்கும் தோழியரும் அண்டை வீட்டாரும்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. செய்தி அறிந்தவர் யாராயினும், முகூர்த்த நாள் வரும்வரை காத்திராமல் அந்த எண்ணை அழைக்க வேண்டும்.